மாமனார் மிதக்கவில்லை

என் பெயரைக் கெடுத்தவள் என் மனைவி ரெஜினா. வேறு யாரும் இல்லை, அவள்தான். இந்த அந்தமான் தீவில் என்னைத் தெரிந்த எவனும் "சூசை நல்ல தச்சன்" என்று சொல்லி நிறுத்துவதில்லை. "மாமனாரை மாடியில் முக்கினாரே, அந்தச் சூசையா?" என்று கேட்கிறான். ரேஷன் கடையில் கேட்கிறார்கள். ஞானஸ்நான வீட்டில் கேட்கிறார்கள். ஷாதிபூரில் ஒரு சாவு வீட்டில்கூடக் கேட்டார்கள். (செத்தவர் ஒருத்தர்தான் கேட்கவில்லை.) எல்லாம் இவள் சொல்லிப் பரப்பியது.

நடந்ததைச் சொன்னால் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் இடுப்பளவு நின்றது என்கிறாள். முக்கால் அடிதான். நானே அளவுகோல் வைத்து அளந்தேன். அவள் அப்பா கட்டிலோடு மிதந்தார் என்கிறாள். இந்தத் தீவின் கனத்த படாக் மரக் கட்டில் மனுஷனோடு மிதக்காது, கடலோடுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? அதனால் நானே எழுதுகிறேன். என் முட்டாள்தனத்தை என் அளவுகோலால் அளந்துகொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு ஊர். அப்பா, தாத்தா எல்லாரும் படகு கட்டுகிறவர்கள். எங்கள் பக்கம் அந்த வேலை செய்கிறவனை ஓடாவி என்பார்கள். போர்ட் பிளேயரில் படகு பழுது பார்க்கிற இடத்தில் வேலை கிடைத்து வந்தேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் ரெஜினாவைக் கல்யாணம் செய்தேன். பதினொரு நாள் அவளோடு இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மதராஸுக்கு ரயில் ஏறிக் கப்பலைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். இங்கே நாங்கள் ஒரே அறையில் ஏழு ஆண்கள். அங்கே எப்படிப் பெண்டாட்டியைக் கூட்டி வருவது?

என் மாமனார் சவரிமுத்து தண்டல். தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நாற்பது வருடம் போய் வந்தவர். தோணிக்குத் தலைவர் அவர்தான். தண்டல் என்றால் அதுதான். ஒரு தோணியைக்கூடக் கடலில் விட்டதில்லை. அவர் என்னிடம் சொல்லி அனுப்பியது இது:

"மாப்ள, வீடு ஒண்ணு பாத்துட்டு எழுதும். நானே கூட்டிட்டு வாரேன். வீட்ட என் கண்ணால பாப்பேன். சரியில்லன்னா அதே கப்பல்ல எம்புள்ளயத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் கோவிச்சிக்கிடப்படாது."

வீடு எங்கே இருந்தது? கப்பல் கப்பலாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம் ஆட்கள், எல்லாரும் தலைக்கு மேல் ஒரு தகரம் தேடி அலைந்தார்கள். அப்போது கராச்சர்மா போகிற சாலையில் ஒரு பழைய தேங்காய் எண்ணெய் ஆலை மூடிக் கிடந்தது. இயந்திரங்களை விற்றுவிட்ட முதலாளி, அந்தக் கட்டடத்தை ஆறு போர்ஷனாகத் தடுத்துக் குடும்பங்களுக்கு விட நினைத்தார். உயரமான கட்டடம். கீழே சமையலும் புழக்கமும், மேலே ஒவ்வொன்றுக்கும் மரத்தில் ஒரு மச்சு, படுக்க. சுவர் வேலை வங்காளிக் கொத்தனார் நிமாய்க்கு, மர வேலை எனக்கு. கூலிக்குப் பதில் ஆளுக்கு ஒரு போர்ஷன்.

உள்ளே போய்ப் பார்த்தால் அழுகை வந்தது. சுவரெல்லாம் கரி. தரை முப்பது வருட எண்ணெய் குடித்து மினுங்கியது. நடந்தால் கால் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். எலிகள் கொப்பரை தின்று பூனை அளவுக்கு இருந்தன. சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு ஏழு வாரம் தேய்த்தோம். அப்படியும் அந்த வீட்டில் தூங்கி எழுந்தால் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம்.

இந்த நிலையில் நான் மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன்? "மாடி வீடு. நானே கட்டுகிறேன்." (பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.) அவர் அதை வாசித்துவிட்டு ஊர் முழுக்க, கோயில் வாசலில்கூட, "எம்மவ அந்தமான்ல மாடி வீட்ல இருக்கப் போறா" என்று சொல்லிவிட்டார்.

மற்ற ஐந்து மச்சுகளையும் ஒழுங்காகத்தான் கட்டினேன். பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கும், அதில் காற்று வரும், கீழே மீன் பொரித்தால் வாசனையும் வரும். அது போதும், வீட்டுக்கு. ஆனால் என் போர்ஷனுக்கு வந்தபோது எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. வருகிறவர் தண்டல். பலகை பார்க்கத் தெரிந்த மனுஷன். அவர் விரலால் தட்டிப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும்.

அதனால் நான் மச்சு கட்டவில்லை, தோணியின் மேல்தளம் கட்டினேன். பலகைகளை மயிரிழை தெரியாமல் சேர்த்தேன். இணைப்புகளில் பஞ்சு திணித்து உளியால் அடித்து இறக்கினேன். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினேன். சுற்றிலும் முக்கால் அடிக்கு விளிம்புப் பலகை. ஏணி ஏறி வருகிற வாயைச் சுற்றியும் அதே முக்கால் அடி, அதே அடைப்பு. எதற்கு என்று கேட்காதீர்கள். என் கைக்கு அப்படித்தான் கட்டத் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். அதுதான் முக்கியம்.

ஆலைக்கு இரண்டு கூரை, பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் சரிந்து சேருகிற பள்ளத்தில் ஒரு தகர வாய்க்கால். அந்த வாய்க்காலிலிருந்து ஒரு பருத்த இரும்புக் குழாய் நேரே கீழே இறங்கித் தரைக்கடியில் போனது. நடுத்தூண்கள் பருமனாக இருக்கின்றன என்று நான் தேர்ந்தெடுத்த போர்ஷன் சரியாக அந்தப் பள்ளத்துக்குக் கீழே இருந்தது. குழாய் என் மச்சுக்குள் புகுந்து, கட்டில் தலைமாடு வர வேண்டிய இடத்தில் நின்றது. ஆலையே இல்லை, ஆலைக்குழாய் எதற்கு? கழற்றினேன். மேலே வாய்க்காலில் இருந்த ஓட்டைக்கு ஒரு தகரத்தை வைத்துத் தார் பூசினேன். கீழே மச்சுப் பலகையில் இருந்த ஓட்டையைக் கட்டை வைத்து அடைத்தேன்.

நிமாய் பீடியோடு நின்று பார்த்தான். "அரே மிஸ்திரி, பாயிப் மத் நிகாலோ. பானி கிதர் ஜாயேகா?" என்றான். குழாயை எடுக்காதே, தண்ணீர் எங்கே போகும் என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! தண்ணீரைப் பற்றி ஓடாவிக்கு ஒரு கொத்தனார் பாடம் எடுப்பதா? "தும் தீவார் தேகோ," என்றேன். நீ உன் சுவரைப் பார். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் மாதக் கப்பலில் இரண்டு பேரும் வந்தார்கள். கப்பல் நாலு நாள் நின்று திரும்பும். ஆறு மாதத்துக்கு முன் பதினொரு நாள் பார்த்த முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியுமோ என்று பயந்தேன். அவளே கையை ஆட்டினாள். எனக்கு வாயில் வந்தது, "பெட்டி கனமா?" என்பதுதான். (ஆறு மாதம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ.)

மாமனார் வீட்டுக்குள் நுழைந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன மாப்ள, செக்குக்குள்ள வந்த மாதிரி இருக்கு?" என்றார். நான் ஏணியைக் காட்டினேன். ஏறினார். குனிந்து இணைப்புகளை விரலால் தடவினார். விரல் முட்டியால் தட்டினார். பிறகு கீழே எட்டிப் பார்த்து, "ஏளா ரெஜினா, ஒன் மாப்ள வேலைக்காரன்தாம்ளா. ஒரு சொட்டு எறங்காது இதுல," என்றார்.

வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அது ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது.

மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். மேலே போய்க் கட்டிலில் படுத்தார். ரெஜினாவின் பெட்டியும் மேலேதான் இருந்தது, துணி எடுக்கத் திறந்தபடி. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. இந்தத் தீவு மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

நான் ரெஜினாவை நடு வீட்டில் நிற்க வைத்து மேலே கையைக் காட்டினேன். "பாத்தியா? ஒரு சொட்டு இல்ல!" என்று அவள் காதில் கத்தினேன். அவள் தலையாட்டினாள். பிறகு மேலே பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். "அப்பா எதையோ தட்டுதாவ!" என்று கத்தினாள். நானும் கேட்டேன். மேலே டொம், டொம் என்று சத்தம். "பலகயத் தட்டிப் பாக்காரு! மழையில எப்படி நிக்குன்னு!" என்றேன். இந்த வார்த்தையை அவள் நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நேரம் நிமாய் நனைந்த கோழி மாதிரி உள்ளே ஓடி வந்தான். வெளியே தண்ணீர் போகிற வழியெல்லாம் காய்ந்து கிடக்கிறதாம். "மிஸ்திரி! பானி கிதர் ஜா ரஹா ஹை?" தண்ணீர் எங்கே போகிறது என்கிறான்.

"யஹான் சூக்கா ஹை! ஏக்தம் சூக்கா!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. இங்கே காய்ந்துதான் இருக்கிறது என்று. அவன் என்னைப் பார்க்கவில்லை. மச்சுக்கு அடியில் இருந்த உத்திரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த உத்திரத்தை நான் நேராகத்தான் போட்டிருந்தேன். இப்போது அது தொட்டில் கட்டிய சேலை மாதிரி தொங்கியது.

ஏணி வாயிலிருந்து மெல்லிசாக ஒரு தண்ணீர்த் தகடு வழிந்தது. அதற்குப் பின்னால் மாமனாரின் தலை வந்தது.

"லேய் சூசை! காது செவிடாலே? மேல கடலு கெடக்குலே!"

மாப்பிள்ளை போய் லேய் வந்துவிட்டது.

தார் பூசிய தகரம் பிய்ந்து, இரண்டு கூரைத் தண்ணீரும் நேரே என் மச்சில் கொட்டியிருக்கிறது. உள்ளே தண்ணீர் வராமல் கட்டினால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேயும் போகாது. இதைப் புரிந்துகொள்ள ஒருவன் ஓடாவியாக இருக்க வேண்டியதில்லை. ஓடாவியாக இல்லாமல் இருந்தால் போதும். மாமனார் தூக்கத்தில் கையைத் தொங்கவிட்டிருக்கிறார், விரலில் தண்ணீர் பட்டிருக்கிறது, தோணியில் இருக்கிறோம் என்று நினைத்து இன்னும் நன்றாகத் தூங்கியிருக்கிறார். விழித்து இறங்கியவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார், மிதக்கவில்லை. எழ முடியாமல் சொம்பை எடுத்துப் பலகையில் தட்டியிருக்கிறார், யாரும் வராததால் ஏணி வாய்க்குத் தவழ்ந்து வந்திருக்கிறார்.

"அடியில ஓட்டையப் போடுலே! உத்திரம் முறியப் போவுது!" என்று மேலிருந்து கத்தினார்.

நான் உளியையும், அதை அடிக்கிற மரச்சுத்தியல் கொட்டாப்புளியையும் எடுத்தேன். பெஞ்சில் ஏறினேன். கை போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை போகவில்லை. தான் கட்டிய தளத்தில் தானே ஓட்டை போடுவதா? எங்கள் வீட்டில் எவனும் செய்ததில்லை. "மாமா, பாத்துப் பாத்து அடச்சது மாமா!" என்றேன்.

"ஒன் அடப்பு நாசமாப் போக! நான் சாவணுமாலே?"

ரெஜினா என்னைப் பெஞ்சிலிருந்து இறக்கினாள். உளியையும் கொட்டாப்புளியையும் என் கையிலிருந்து பிடுங்கினாள். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி நின்று, "இஞ்சேருங்க, எந்த இணைப்ப நீங்க கடைசியா அடச்சீங்க?" என்று கேட்டாள்.

கடைசியாக அடைத்த இணைப்புதான் இன்னும் இறுகியிருக்காது. அது தண்டல் மகளுக்குத் தெரிந்திருந்தது. நான் விரலை நீட்டினேன். நாலே அடி. பஞ்சு பிய்ந்தது.

தண்ணீர் பாய் விரித்த மாதிரி அகலமாக இறங்கியது. வெறும் தண்ணீர் இல்லை. முப்பது வருடம் கூரையில் படிந்த ஆலைக்கரியும் எண்ணெயும் அதில் இருந்தன. அவள் தலையில் விழுந்தது, சோற்றுப் பானையில் விழுந்தது, நான் ஏழு வாரம் தேய்த்த தரையில் விழுந்தது. நான் அவளைப் பிடிக்கப் போய் வழுக்கி, வாசல் வரைக்கும் உட்கார்ந்தபடியே போனேன். வாசலில் மற்ற போர்ஷன்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். வழி விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கரியில் குளித்து அவள் பெஞ்சில் நின்றாள். பற்களும் கண்ணும்தான் தெரிந்தன. தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. கேட்கப் பயம்.

கல்யாணச் சேலை உள்பட பெட்டியில் இருந்த எல்லாமே கறுத்துவிட்டது. மாமனார் இறங்கி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கப்பல் எடுக்கும்போது எம்புள்ளயும் வருவா." அப்புறம் நிமாய் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் மூன்று நாளும் சளைக்காமல் பேசிக்கொண்டார்கள். கையால் குழாயைக் காட்டுவான் நிமாய். நெற்றியில் அடித்துக்கொள்வார் மாமனார். அதற்கு மொழி எதற்கு?

நான் குழாயைத் திரும்ப மாட்டினேன். ரெஜினா துணிகளைச் சோப்புப் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் குழாய எடுத்தீங்க?"

"கட்டில் போட இடிச்சிச்சு."

"கட்டில அந்தப் பக்கம் போட்டா?"

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மூன்று நாளில் "போகாதே" என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி? மாடி வீடு என்று எழுதினேன், அவள் சேலையை நாசமாக்கினேன். ஊரில் போய், "புருஷன் வீடு சரியில்ல, திரும்பி வந்துட்டா" என்று அவளைத்தான் பேசுவார்கள் என்பதும் தெரியும். அப்படியும் வாய் வரவில்லை. அடைக்கத் தெரிந்தவனுக்குத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கப்பல் கிளம்புகிற நாள் காலையில் மாமனார் வந்தார். "ரெஜினா, வா, பஸ்ஸு வந்துரும்."

அவள் மச்சில் இருந்தாள். பெட்டியும் மேலே இருந்தது. ஏறலாம் என்று போனால் ஏணியைக் காணவில்லை. மேலே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஏணிய எறக்கு!"

"நீங்க போங்கப்பா. நான் வரல."

"ஏன்ளா?"

"கப்பல்ல வாந்தியா வருது. இன்னொருக்க நாலு நாள் என்னால முடியாது. ஒடம்பு தாங்காது."

மாமனார் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நானும் அண்ணாந்து நின்றேன். இரண்டு ஆம்பிளைகள், ஒரு ஏணி இல்லாமல். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒடம்பப் பாத்துக்களா," என்று மட்டும் சொன்னார். மேலிருந்து ஒரு கை நீண்டது. அவர் பெஞ்சில் ஏறி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த உளி போட்ட இணைப்பு அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

ஜெட்டி வரைக்கும் நான் அவரோடு போனேன். கப்பலில் ஏறப் போகும்போது என் தோளில் கை வைத்தார்.

"மாப்ள." மறுபடி மாப்ள. "நாப்பது வருசம் தோணி ஓட்டுனவன் நான். ஆனா இந்தப் பெரிய கப்பல் எனக்கு ஒத்துக்கிடல. வாந்தி எடுத்தது நான். அவ நாலு நாளும் என் பங்குக் கொழம்பையும் ஊத்தித் தின்னுட்டு, மேல்தளத்துல காத்து வாங்கிட்டு வந்தா. நான் சொன்னேன்னு சொல்லிராதீரும்."

ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. வந்தபோது ஏணி அதன் இடத்தில் இருந்தது.

அவர் இப்போது இல்லை. அதனால் சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு அவளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வாந்திதான்," என்கிறாள். "எங்க அப்பாவுக்குக் கடைசியில நெனவு தவறிப் போச்சு, ஏதாவது சொல்லியிருப்பாவ," என்கிறாள். அவர் என்னிடம் சொன்னபோது அவருக்கு நினைவு நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தருக்குப் பிரியம் வந்துவிட்டால், நேராகச் சொல்வதில்லை. "எனக்குக் கப்பல் ஒத்துக்காது" என்கிறார்கள். என் பேத்தி தன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதே இப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். ரெஜினா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெஜினா, இந்தக் கட்டுரையை உனக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். வீட்டுக்குள் வைத்து நீ மழுப்பிவிடுவாய், அது எனக்குத் தெரியும். வருகிற பங்குத் திருவிழாவில், அசன விருந்துக்கு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, என் மாமனாரை நான் முக்கிய கதையைச் சொல்ல நீ எப்படியும் எழுந்திருப்பாய். அன்றைக்கு அந்த மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, இதற்கு மட்டும் பதில் சொல்: வாந்திக்குப் பயந்தா ஏணியை இழுத்தாய், எனக்காகவா?